கொல்லப்பட்டவரே குற்றவாளி ஆகும் கதை

(குற்றப் புனைவுகளும் திருநர் சித்தரிப்பும் குறித்துப் பண்பாட்டு ஊழியர்களின் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வின் தலைப்பு அறிவிக்கப்பட்டதும் தோழர் ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார். விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கும்போது, துப்பறியும் கதைகளைப் பற்றியும், அவற்றில் திருநர் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றியும் பேச நமக்கு நேரம் இருக்கிறதா என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ஒரு கொலை வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண்டு 1852. அன்றைய வடமேற்கு மாகாணங்களில், இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள மெயின்புரி மாவட்டம். பூரா என்ற ஹிஜ்ரா கொடூரமாகக் கொல்லப்பட்டார். தம் சீடர்கள் இருவருடன் வாழ்ந்து வந்தவர் அவர். அவருடைய முன்னாள் காதலன், அவர் தன்னைப் பிரிந்து சென்ற ஆத்திரத்தில் கொன்றான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆங்கில நீதிபதிகள் கொலையுண்டவரின் சமூகம் முழுவதையும் கூண்டில் ஏற்றினார்கள். ஹிஜ்ராக்கள் இயற்கைக்கு மாறான தொழில் செய்பவர்கள் என்றும், அவர்கள் இருப்பதே ஆங்கில ஆட்சிக்கு இழுக்கு என்றும் எழுதினார்கள். வரலாற்றாய்வாளர் ஜெசிகா ஹின்ச்சி 2019இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கொல்லப்பட்டவர் குற்றவாளி ஆக்கப்பட்டார். நான் இன்று சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான். எஞ்சியவை எல்லாம் இதன் விரிவாக்கமே.

கதை சட்டமான விதம்

மெயின்புரி வழக்குக்குப் பிறகு வளர்க்கப்பட்ட அச்சம், 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் வந்து நின்றது. அச்சட்டம் நாடோடிச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியதை நாம் அறிவோம். அதன் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களுக்காகவே எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் அவர்களின் பெயர்களும் உடைமைகளும் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலும், ஆடினாலும் பாடினாலும், இரண்டாண்டு வரை சிறை. குழந்தையைத் தத்தெடுக்கவோ உயில் எழுதவோ அவருக்கு உரிமை இல்லை. சந்தேகமே தீர்ப்பாயிற்று.

இதே அச்சில் வார்க்கப்பட்ட சட்டம் ஒன்றை ஐதராபாத் நிஜாம் அரசு 1919இல் கொண்டுவந்தது. நாடு விடுதலை பெற்று, குற்றப் பழங்குடிகள் சட்டம் ஒழிக்கப்பட்ட பிறகும் அது ஏட்டில் உயிரோடு இருந்தது. 2023 ஜூலையில்தான், திருநர் உரிமைப் போராளிகள் தொடுத்த வழக்கில், தெலங்கானா உயர்நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது.

இடையில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 2018 மே மாதம், அதே ஐதராபாத் நகரில், குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் ஒன்று திருநங்கை ஒருவரை அடித்தே கொன்றது. 1871இல் பதிவேட்டில் எழுதப்பட்ட அதே பொய், 147 ஆண்டுகளுக்குப் பின் கைபேசித் திரையில் வந்தது. வதந்தியைப் பரப்பியவர் எவரும் அச்சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். அப்படியானால் அந்தப் பொய் அவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? கதையாக வந்து சேர்ந்தது, தோழர்களே. சட்டம் மறைந்த பிறகும் கதை வேலை செய்கிறது. கதைகளைப் பற்றி நாம் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

திரையில் திரும்பத் திரும்ப

1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எட் கீன் என்ற கொலைகாரன் பிடிபட்டான். அவனுடைய குற்றம் முதலில் நாவலாகி, 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' திரைப்படம் ஆயிற்று. தாயின் உடையை அணிந்துகொண்டு ஒருவன் கத்தியோடு வருகிறான். தாமஸ் ஹாரிஸ் 1988இல் எழுதி, 1991இல் படமாக வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' கதையின் கொலைகாரனுக்கும் எட் கீன் ஒரு மூலம். அவன் பெண்களைக் கொன்று அவர்களின் தோலில் தனக்கு ஆடை தைக்கிறான். அவன் உண்மையில் திருநர் அல்லன் என்று அப்படத்திலேயே ஒரு வசனம் வருகிறது. வசனத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மனத்தில் தங்கிப்போனது அந்தப் பிம்பம்தான்.

இந்தி சினிமா இதைத் தன் பங்குக்குச் செய்தது. 1991இல் வந்த 'சடக்' படத்தில் விபச்சார விடுதி நடத்தும் கொடூரமான ஹிஜ்ராவாக சதாசிவ் அம்ராபூர்கர் நடித்து, விருதும் பெற்றார். 1999இல் வந்த 'சங்கர்ஷ்', 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' கதையின் சாயலில் உருவானது. அதில் பெண்ணுடையில் தோன்றும் வில்லன் குழந்தைகளைக் கடத்திப் பலியிடுகிறான். குழந்தைக் கடத்தல் என்ற பழைய குற்றச்சாட்டு மீண்டும் வந்ததைப் பாருங்கள். தமிழ்த் திரையும் விலக்கல்ல. 2015இல் வந்த ஷங்கரின் 'ஐ' படத்தில் வில்லர்களில் ஒருவர் திருநங்கை. அந்தச் சித்தரிப்பை எதிர்த்துத் தமிழகத் திருநர் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

எந்த ஒரு படத்தையும் தடை செய்யக் கோருவது என் நோக்கமன்று. திருநர் பாத்திரம் கெட்டவராக வரக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மற்றவர்கள் திரையில் தாயாக, மருத்துவராக, தொழிலாளியாக, கொலைகாரராக எத்தனையோ வடிவங்களில் வருகிறார்கள். திருநர் பெரும்பாலும் இரண்டே வடிவங்களில் வந்தார்கள். ஒன்று அச்சம், மற்றொன்று கேலி.

குற்றம் சரக்காகும்போது

உபரி மதிப்பு பற்றிய தம் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் கூர்மையான கேலியோடு ஒன்றைச் சொல்கிறார். குற்றவாளி குற்றத்தை மட்டும் உற்பத்தி செய்வதில்லை. குற்றவியல் சட்டத்தையும், அதைக் கற்பிக்கும் பேராசிரியரையும், காவலரையும், நீதிபதியையும் உற்பத்தி செய்கிறான். கலையையும் நாவலையும் கூட உற்பத்தி செய்கிறான் என்கிறார். பின்னாளில் எர்னஸ்ட் மண்டேல் 1984இல் குற்றக் கதையின் சமூக வரலாற்றை எழுதியபோது, நல்ல கொள்ளையன் நாயகனாக இருந்த கதைகள், சொத்துடைமை புனிதமான பிறகு, துப்பறிவாளனை நாயகனாக ஏற்றதைக் காட்டினார்.

நம் காலத்தில் இந்த உற்பத்தியின் புதிய கிளை, உண்மைக் குற்ற பாட்காஸ்ட். வானொலி நாடகம் போலக் கைபேசியில் விரும்பிய நேரத்தில் கேட்கும் ஒலித்தொடர் அது. 2014இல் அமெரிக்காவில் வந்த 'சீரியல்' இதைப் பெரும் சந்தையாக மாற்றியது. 1999இல் பால்டிமோரில் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்ற கொரிய அமெரிக்க மாணவியின் வழக்கையும், தண்டிக்கப்பட்ட அத்னான் சையதின் வழக்கையும் அது மீண்டும் கிளறியது. அதில் நன்மையும் உண்டு. காவல்துறை விசாரணையின் ஓட்டைகளை இலட்சக்கணக்கானோர் அறிந்தனர். 2022இல் சையத் சிறையிலிருந்து வெளியே வந்தார். பின்னர் தண்டனைத் தீர்ப்பு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. 2025இல் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டதால் அவர் வெளியிலேயே இருக்கிறார். ஆனால் 2022இல் நீதிமன்றத்தில் பேசிய அந்த மாணவியின் சகோதரர், இது தமக்கு பாட்காஸ்ட் அல்ல, தம் வாழ்க்கை என்றார். அதற்குள் 'சீரியல்' நிறுவனத்தையே நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு குடும்பத்தின் துயரம் விளம்பர இடைவேளைகளோடு விற்கப்படும் சரக்காயிற்று.

நம் நாட்டில் இதே தர்க்கம் வர்க்க முகத்தோடு வெளிப்பட்டது. 2008 மே மாதம் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலையை எல்லோரும் அறிவோம். எந்தப் பெயரில் அறிவோம்? ஆருஷி வழக்கு என்று. அவ்வீட்டின் பணியாளரான, நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த ஹேம்ராஜும் அதே இரவில் கொல்லப்பட்டார். அவர் உடல் மொட்டை மாடியில் கிடந்தபோதே, காவல்துறை அவரைக் கொலைகாரர் என்று அறிவித்துத் தேடியது. மறுநாள் உடல் கிடைத்த பிறகுதான் அவர் கொலையுண்டவர் ஆனார். அதற்குப் பிறகும் வேலை செய்து பிழைக்கும் மூவர் பிடிக்கப்பட்டு, உண்மை அறியும் மருந்துச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டு, ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டனர். புத்தகமும் திரைப்படங்களும் ஒலித்தொடரும் வந்தன. ஹேம்ராஜ் யார், அவர் ஊரில் யார் காத்திருந்தார் என்று கேட்ட கதைகள் மிகக் குறைவு. மெயின்புரியின் பூராவும் நொய்டாவின் ஹேம்ராஜும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அனுதாபத்திலும் ஒரு கண்மறைப்பு

திருநர் மீது அனுதாபம் கொண்ட கதைகள் வந்துவிட்டால் போதுமா? 1993 டிசம்பரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிராண்டன் டீனா என்ற திருநம்பி, தம்மை இருவர் வன்புணர்வு செய்ததாகக் காவல்துறையிடம் முறையிட்டார். அதிகாரி அவரைக் குற்றவாளி போல இழிவாக விசாரித்தார். அந்த இருவரையும் கைது செய்யவில்லை. ஆண்டின் கடைசி நாளில் அவர்களே பிராண்டனைக் கொன்றனர். காவல் அதிகாரியின் தவறை 2001இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. இக்கொலை பற்றி உண்மைக் குற்ற நூல் வந்தது. 1999இல் 'பாய்ஸ் டோன்ட் க்ரை' திரைப்படம் வந்தது. பிராண்டனாக நடித்த ஹிலரி ஸ்வாங்க் ஆஸ்கர் விருது பெற்றார். உலகம் அழுதது.

ஆனால் அந்த வீட்டில் மேலும் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் பிலிப் டிவைன், மாற்றுத்திறனாளியான கறுப்பின இளைஞர். திரைப்படத்தில் அவர் இல்லவே இல்லை. ஓர் ஒடுக்குமுறையைக் காட்ட வந்த கதை, மற்றோர் ஒடுக்குமுறையின் பலியைக் கதையிலிருந்து நீக்கிவிட்டது. அடையாளங்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் அரசியலுக்கு இது ஒரு பாடம்.

மற்றொன்று. திருநர் பாத்திரம் எழுதப்பட்டாலும் அதில் நடிக்கும் வேலை யாருக்குக் கிடைக்கிறது? 2023இல் வந்த 'ஹட்டி' என்ற குற்றப் படத்தில் திருநங்கையாக நவாசுதீன் சித்திக் நடித்தார். அவர் திறமையை நான் குறை கூறவில்லை. ஆனால் நடிப்பும் ஒரு வேலைதான். வேலை மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கதையை எடுக்கும்போதும், அந்த வேலை அவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை.

கேள்வியைத் திருப்பிப் போடும் கதைகள்

இருட்டை மட்டும் காட்டிவிட்டு நான் முடிக்க விரும்பவில்லை. இந்த வகை இலக்கியத்துக்குள்ளேயே எதிர்க்குரல்கள் எழுந்திருக்கின்றன.

கனடிய எழுத்தாளர் கோர்ட்னி சம்மர்ஸ் 2018இல் எழுதிய 'சேடி' நாவல், பாட்காஸ்ட்டையே தன் வடிவமாகக் கொண்டது. ஏழைகளின் குடியிருப்பில் வளர்ந்த, திக்குவாய் கொண்ட பத்தொன்பது வயதுப் பெண் சேடி. தன் தங்கையைக் கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறாள். ஒரு பத்திரிகையாளர் அவளைத் தேடி பாட்காஸ்ட் செய்கிறார். ஓர் அத்தியாயம் ஒலித்தொடரின் எழுத்து வடிவம். அடுத்தது சேடியின் சொந்தக் குரல். அவள் சென்று வந்த இடத்துக்கெல்லாம் அவர் பின்னால் வந்து சேர்கிறார். கடைசி வரை அவளை எட்டவில்லை. தொடரைக் கேட்கும் மக்களுக்கு அவள் குரல் கேட்காது. நாவலைப் படிக்கும் நமக்கு மட்டுமே கேட்கிறது. காணாமல் போன பிறகு ஒருவரைத் தேடி ஒலிவாங்கி வருகிறது. உயிரோடு இருந்தபோது யாரும் வரவில்லை. இதுதான் அந்நாவலின் விமர்சனம். சேடி திருநர் அல்லள். ஆயினும் பிறர் வாயால் மட்டுமே சொல்லப்படும் எல்லோருக்கும் அந்த வடிவம் பொருந்தும்.

ராபின் கிகிள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வழக்கறிஞராக இருப்பவர், திருநங்கை. 2021இல் அவர் எழுதிய 'பை வே ஆஃப் சாரோ' நாவலின் நாயகியும் திருநங்கை வழக்கறிஞரே. செல்வாக்குமிக்க அரசியல்வாதியின் மகனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக் கறுப்பினத் திருநங்கைக்காக அவர் வாதாடுகிறார். தற்காப்பா, கொலையா என்பது வழக்கு. இங்கே திருநர் பிணமும் அல்லர், பேயும் அல்லர். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், மற்றவர் வாதாடுபவர். அதே அடையாளம் கொண்ட இருவருக்கிடையே நிறமும் வர்க்கமும் வேறு என்பதையும் நாவல் மறைக்கவில்லை.

நம் நாட்டில் 2020இல் வந்த 'பாதாள் லோக்' தொடரைச் சொல்ல வேண்டும். புகழ் மங்கிய தொலைக்காட்சி நெறியாளர் ஒருவரைக் கொல்லச் சதி செய்ததாக நால்வர் பிடிபடுகிறார்கள். அவர்களில் ஒருவர் தலித், ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீனி என்ற திருநங்கை. வழக்கு பெரிதாகப் பெரிதாக நெறியாளரின் புகழ் மீள்கிறது. புலனாய்வு அமைப்பு முஸ்லிம் இளைஞரைப் பயங்கரவாதியாகச் சித்தரிக்கிறது. பிடிபட்டவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு சாதாரண காவல் ஆய்வாளர் தேடத் தொடங்கும்போதுதான் கதை உண்மையில் தொடங்குகிறது. சீனியாக மணிப்பூரைச் சேர்ந்த திருநர் கலைஞர் மைரெம்பம் ரொனால்டோ சிங் நடித்தார். கைதானவர் ஆணா பெண்ணா என்று சிறை கேட்கிறது. அவர் எப்படி வாழ்ந்தார் என்று தொடர் கேட்கிறது.

நம் பொறுப்பு

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரின் சுய அடையாள உரிமையை ஏற்றது. ஆனால் 2019இன் திருநர் சட்டம், அவர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு விதிக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரைதான். பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தது பத்தாண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பழைய 377ஆம் பிரிவை முழுவதுமாகக் கைவிட்டது. வன்புணர்வுப் பிரிவைப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொண்டது. ஓர் உடலின் மீதான குற்றம் மலிவாக மதிப்பிடப்படுகிறது. அந்த மலிவை ஏற்றுக்கொள்ள மக்களைப் பழக்கியதில் கதைகளுக்கும் பங்குண்டு.

கடைசியாக, என் சொந்தச் சுயவிமர்சனம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் வடஇந்திய நகரம் ஒன்றில் திருநங்கை ஒருவர் கொல்லப்பட்டபோது, உண்மை அறியும் குழுவில் நானும் சென்றேன். அறிக்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கையில் இருந்த பெயரையும், ஆண், வயது முப்பது என்ற குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதினேன். மற்றபடி அறிக்கை கடுமையானது. காவல்துறையை நன்றாகவே சாடியிருந்தேன். அச்சிட்ட பிரதியைக் கொல்லப்பட்டவரின் குருவான முதியவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மகனே, இந்தப் பெயரில் எங்களில் யாரும் சாகவில்லையே."

அந்தப் பிரதிகளை நாங்கள் திரும்பப் பெற்று, அவர் வாழ்ந்த பெயரில் மீண்டும் அச்சிட்டோம். நானும் ஒரு குற்றக் கதைதான் எழுதியிருந்தேன், தோழர்களே. காவல்துறையை எதிர்த்துக்கொண்டே காவல்துறையின் கண்களால் எழுதியிருந்தேன்.

ஆகவே கதை படிக்கும்போதும், தொடர் கேட்கும்போதும், நாமே அறிக்கை எழுதும்போதும் சில கேள்விகளைக் கேட்போம். கொல்லப்பட்டவர் எந்தப் பெயரில் வாழ்ந்தார்? அவருக்காகப் பேசுவது யார், அவருடைய மக்கள் பேச இடம் இருக்கிறதா? இந்தத் துயரத்தால் யாருக்கு வருவாய்? கதையிலிருந்து யார் நீக்கப்பட்டார்? நம் படிப்பு வட்டங்களில் இக்கேள்விகளை வைத்து ஒரு நாவலையோ தொடரையோ விவாதியுங்கள். திருநர் தோழர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாக அல்ல, விவாதத்தை நடத்துபவர்களாக அழையுங்கள். சமமான தண்டனைச் சட்டத்துக்கான கோரிக்கையை வெகுமக்கள் அமைப்புகளின் மாநாடுகளில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

1852இல் பூராவுக்காகப் பேச ஓர் அமைப்பு இருக்கவில்லை. இன்று நாம் இருக்கிறோம்.